சோடோசோபா: கென்னி வீட்டைச் சுற்றி எழுந்த பேட்டை

இதமான ஓர் ஆண்குரல். பின்னணியில் மெல்லிய இசை. புதுக் கட்டடங்கள், சாப்பாட்டுக் கடைகள், மாலை வெளிச்சத்தில் கைகோத்து நடக்கும் ஜோடிகள். வீட்டுமனை விளம்பரங்களில் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஆனால் அந்த மினுக்கலுக்கு நடுவே ஓட்டை உடைசலாக ஒரு பழைய வீடு நிற்கிறது. அதில் ஒரு குடும்பம் இன்னும் குடியிருக்கிறது. வேறு விளம்பரமாக இருந்தால் கேமரா அந்தப் பக்கம் திரும்பாது. இதில் குரல் அந்த வீட்டையும் சேர்த்தே விற்கிறது. அந்த ஏழ்மையும் பேட்டையின் கவர்ச்சிகளில் ஒன்றாம்.

அமெரிக்காவின் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியில் 2015 செப்டம்பர் 30 அன்று ஒளிபரப்பான எபிசோட் இது. தொடர் 'சவுத் பார்க்'. சீசன் 19, மூன்றாவது எபிசோட். ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் 1997 முதல் நடத்திவரும் கார்ட்டூன் தொடர் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு எபிசோடை ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் எழுதி, வரைந்து, பேசி, முடித்து அனுப்புவது அவர்கள் வழக்கம். அதனால் அதில் செய்தித்தாளின் சூடு இருக்கும், அவசரத்தின் ஓட்டைகளும் இருக்கும். இந்த எபிசோடில் இரண்டையும் பார்க்கலாம்.

மவுசு கூடிய பேட்டைகளைக் கிண்டல் செய்த தொலைக்காட்சி நகைச்சுவைகள் நிறைய உண்டு. பெரும்பாலானவை தாடி, சைக்கிள், காபி என்று முடிந்துவிடும். இந்த எபிசோட் ஏன் மனதில் நின்றது, எங்கே சறுக்கியது, இதற்கு முன்னும் பின்னும் நிஜ ஊர்களில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நடந்த கதை

சவுத் பார்க் கொலராடோ மலைப்பக்கத்தில் இருக்கும் ஒரு கற்பனைச் சிற்றூர். முந்தைய எபிசோடில் குடியேறிகளை எதிர்த்து ஊரில் ஒரு பெரிய கூத்து நடந்திருக்கும். அதை வைத்து தொலைக்காட்சியில் ஊரையே பட்டிக்காடு என்று சிரித்துவிடுகிறார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு மானம் போகிறது. 'நாங்களும் முற்போக்குதான்' என்று காட்ட என்ன வழி? தொடரின் சிறுவர்களில் ஒருவனான ஸ்டானின் அப்பா ராண்டி மார்ஷ் ஒரு யோசனை சொல்கிறார்: நம் ஊருக்கு ஒரு ஹோல் ஃபுட்ஸ் கடை வர வேண்டும். இயற்கை விளைபொருள் விற்கும், விலை கூடிய அந்தப் பல்பொருள் அங்காடி இருந்துவிட்டால் போதும், ஊர் நாகரிகம் அடைந்ததற்கு அது அத்தாட்சி.

ஆனால் ஹோல் ஃபுட்ஸ் சும்மா வந்துவிடாது. ஊர் அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும். எனவே கலையும் கேளிக்கையும் நிறைந்த ஒரு வட்டாரத்தைக் கட்டுகிறார்கள். எங்கே? ஊரிலேயே மட்டமான இடத்தில், ஏழைச் சிறுவன் கென்னி மெக்கார்மிக்கின் வீட்டைச் சுற்றி. பெயர் சோடோசோபா. 'சவுத் ஆஃப் டவுன்டவுன் சவுத் பார்க்' என்பதன் தலையெழுத்துகளைப் பிய்த்து ஒட்டிய பெயர். அதாவது சவுத் பார்க் கடைத்தெருவுக்குத் தெற்கே உள்ள இடம்.

புதுக் கடைகள் வந்ததும் 'சிட்டி வோக்' என்ற பழைய சீன உணவகத்தில் ஈ ஓட்டுகிறார்கள். அதன் முதலாளி லூ கிம் செலவைக் குறைக்கச் சிறுவர்களை வேலைக்கு எடுக்கிறார். கென்னி போய்ச் சேர்கிறான், தங்கை கேரனுக்கு ஒரு பொம்மை வாங்கக் காசு வேண்டும் அவனுக்கு. பிறகு லூ கிம்மும் சும்மா இருக்காமல் தன் பக்கத்துத் தெருவுக்கு ஒரு பெயர் வைத்து, அதே பாணியில் ஒரு விளம்பரம் எடுக்கிறார். ஊரில் இரண்டு மவுசுப் பேட்டைகள் மோதுகின்றன. கடைசியில் ஹோல் ஃபுட்ஸ் வந்தே விடுகிறது. வந்ததும் சோடோசோபாவின் மவுசு போய், கூட்டமும் போய்விடுகிறது. காலிக் கட்டடங்களுக்கு நடுவே மெக்கார்மிக் குடும்பம் மட்டும் மிச்சம். கென்னி தங்கையிடம் பொம்மையைக் கொடுக்கிறான்.

கதை அவ்வளவுதான். எபிசோடின் உயிர் கதையில் இல்லை, நடுநடுவே வந்துகொண்டே இருக்கும் அந்த விளம்பரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டடம் ஒரு படி உயர்கிறது, குரல் இன்னும் குழைகிறது. முதலில் கடைகள். பிறகு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்கும் பிறகு 'கென்னி வீட்டு வில்லாக்கள்' என்ற பெயரில் இன்னொன்று. இருக்கிற ஏழை வீட்டின் பெயரையே எடுத்து, பக்கத்தில் கட்டிய பணக்கார வீட்டுக்கு வைத்துவிடுகிறார்கள். கென்னி குடும்பத்துக்கு அதில் ஒரு காசு வரவில்லை. பெயர் மட்டும் போய்விட்டது.

கென்னி தொடரின் தொடக்கத்திலிருந்தே ஆரஞ்சு நிற அங்கியை முகம் மறையப் போர்த்திக்கொண்டிருக்கும் பையன். அவன் என்ன பேசினாலும் துணிக்குள் முனகலாகத்தான் கேட்கும். பழைய சீசன்களில் கிட்டத்தட்ட வாராவாரம் செத்தும் போவான். அதெல்லாம் வேறு காரணத்துக்காக வைத்த வேடிக்கைகள். ஆனால் இந்த எபிசோடில் அந்தப் பழைய வேடிக்கைக்குப் புது அர்த்தம் வந்துவிடுகிறது. பேட்டை முழுக்க எழுவது அவன் வீட்டைச் சுற்றி. எல்லோரும் வந்து பேசுகிறார்கள், விளம்பரக் குரல் பேசுகிறது, மேயர் பேசுகிறார். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் பேச்சு மட்டும் யாருக்கும் விளங்காது. இது திட்டமிட்டுச் செய்ததா, தானாக அமைந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. எபிசோடிலேயே கூர்மையான இடம் இதுதான்.

பெயரில் இருக்கிறது சூட்சுமம்

பெயர்க் கிண்டல் எவ்வளவு துல்லியமானது என்று புரிய, அமெரிக்க நகரங்களின் பெயர்ப் பைத்தியத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடக்கம் நியூயார்க்கின் சோஹோ. ஹூஸ்டன் தெருவுக்குத் தெற்கே இருந்த பழைய தொழிற்கூடப் பகுதி அது. அடிக்கடி தீப்பிடித்ததால் 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்று தீயணைப்புக்காரர்கள் மத்தியில் பெயர் எடுத்த இடம். 1963-இல் செஸ்டர் ராப்கின் என்ற திட்டமிடல் அறிஞர் அந்தப் பகுதியை ஆராய்ந்து நகராட்சிக்கு அறிக்கை கொடுத்தார். 'சவுத் ஹூஸ்டன்' என்பதிலிருந்துதான் சோஹோ பிறந்தது. காலியான தொழிற்கூட மாடிகளில் ஓவியர்கள் சட்டவிரோதமாகக் குடியேறினார்கள். 1971-இல் கலைஞர்கள் அங்கே வாழ்வதை நகரம் சட்டப்படி அனுமதித்தது. கலைஞர்கள் போன இடத்துக்கு ஓவியக்கூடங்கள் போயின, அதன் பின்னே துணிக்கடைகள், அதன் பின்னே பணம். இன்று சோஹோ உலகின் விலையுயர்ந்த கடைத்தெருக்களில் ஒன்று.

வாய்ப்பாடு கிடைத்துவிட்டது அல்லவா, அப்புறம் யாரும் நிறுத்தவில்லை. ட்ரைபெக்கா, நோஹோ, நோலிட்டா என்று வரிசையாக வந்தன. இதில் டம்போவின் கதை தனி ரகம். புரூக்ளினில் மன்ஹாட்டன் பாலத்துக்கு அடியில் இருக்கும் இடம், 'டவுன் அண்டர் த மன்ஹாட்டன் பிரிட்ஜ் ஓவர்பாஸ்' என்பதன் சுருக்கம். 1978-இல் அங்கிருந்த கலைஞர்களே வைத்த பெயர் அது. இவ்வளவு அசட்டுத்தனமான பெயர் இருந்தால் கட்டட முதலாளிகள் கிட்டவே வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் வைத்ததாகச் சொல்வார்கள். முதலாளிகள் வந்தார்கள். பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

சியாட்டிலில் சோடோ என்று ஒரு பகுதி. கிங்டோம் என்ற விளையாட்டரங்கத்துக்குத் தெற்கே இருந்ததால் 'சவுத் ஆஃப் த டோம்'. 2000-இல் அந்த அரங்கத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அரங்கம் போனாலும் பெயர் போகவில்லை, 'சவுத் ஆஃப் டவுன்டவுன்' என்று விளக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சோடோசோபாவைவிட இதுதான் பெரிய நகைச்சுவையாகத் தோன்றியது.

பார்க்கரும் ஸ்டோனும் கொலராடோவில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நியூயார்க் வரை போக வேண்டிய தேவையே இல்லை, அந்த மாநிலத் தலைநகர் டென்வரே போதும். அங்கே 'லோயர் டவுன்டவுன்' என்ற பழைய கிடங்குப் பகுதி லோடோ ஆனது. 1988-இல் நகரம் அதைப் பாரம்பரிய வட்டாரமாக அறிவித்தது, 1995-இல் பக்கத்தில் கூர்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் அரங்கம் திறந்தது, கிடங்குகள் மதுக்கூடங்களாயின. 2005-இல் அதற்கு வடக்கே ஆற்றோரமாக 'ரிவர் நார்த்' கலை வட்டாரம் வந்தது. சுருக்கம் ரைனோ. சோடோசோபாவின் பெயரில் சோஹோவும் இருக்கிறது, லோடோவும் இருக்கிறது.

பெயர் மாற்றம் வெறும் அலங்காரம் என்று சிலர் நினைக்கலாம். நியூயார்க்கின் ஹார்லெம்வாசிகள் அப்படி நினைக்கவில்லை. 2017-இல் ஹார்லெமின் தென்பகுதியை வீட்டுத் தரகர்கள் 'சோஹா' என்று விற்கத் தொடங்கியபோது கறுப்பின மக்கள் கொதித்துப்போனார்கள். ஹார்லெம் என்ற பெயரில் அவர்களுடைய நூறாண்டு வரலாறு இருக்கிறது, சோஹாவில் சதுர அடி விலை மட்டும்தான் இருக்கிறது. மாநில செனட்டர் பிரையன் பெஞ்சமின், இப்படி இஷ்டத்துக்குப் பெயர் சூட்டி விளம்பரம் செய்வதைத் தடுக்க ஒரு மசோதாவே கொண்டுவந்தார். அதற்கு முன் 2011-இல், புரூக்ளினில் 'புரோக்ரோ' என்று ஒரு பெயர் கிளம்பியபோது அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஹக்கீம் ஜெஃப்ரீஸ் இதே போன்ற மசோதாவை முன்வைத்திருந்தார். இரண்டும் சட்டமாகவில்லை.

வாடகை இடைவெளி

ஏன் கென்னி வீடு? ஊரில் எத்தனையோ இடம் இருக்க, எல்லாவற்றிலும் மோசமான இடத்தில் ஏன் போய்க் கட்ட வேண்டும்? எபிசோட் இதை விளக்கவில்லை. விளக்கம் வெளியே இருக்கிறது.

ஏழைப் பேட்டைக்குள் பணம் புகுந்து, வாடகை ஏறி, பழையவர்கள் வெளியேற நேர்வதற்கு ஆங்கிலத்தில் ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயர். தமிழில் மேட்டுக்குடியாக்கம் என்று எழுதுகிறோம். நாக்கில் புரள மறுக்கும் சொல்தான், ஆனால் மூலத்துக்கு நியாயமானது. லண்டன் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964-இல் அந்த ஆங்கிலச் சொல்லை எழுதியபோது அதிலேயே ஒரு குத்தல் இருந்தது. நிலவுடைமைச் சீமான்களைக் குறிக்கும் 'ஜென்ட்ரி' என்ற பழஞ்சொல்லை, லண்டனின் தொழிலாளர் தெருக்களில் வீடு வாங்கிச் சீர்செய்து குடியேறிய நடுத்தர வர்க்கத்தாரின் தலையில் கவிழ்த்தார். ஆக, இந்தத் துறையின் கலைச்சொல்லே ஒரு நையாண்டியாகத்தான் பிறந்தது.

1979-இல் நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். நகர மையத்துக்குத் திரும்பி வருவது மக்களா, மூலதனமா? மூலதனம்தான் என்பது அவர் பதில். ஓர் இடத்தில் இப்போது என்ன வாடகை வருகிறது, அதே இடத்தை வேறு மாதிரி பயன்படுத்தினால் என்ன வாடகை வரும் என்ற இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை 'வாடகை இடைவெளி' என்றார். பல ஆண்டுகள் பராமரிப்பு இல்லாமல் விட்ட இடத்தில் இப்போதைய வாடகை தரைமட்டம். ஆனால் நகர மையம் பக்கத்திலேயே இருந்தால் வரக்கூடிய வாடகை வானம்வரை. இடைவெளி போதிய அளவு விரிந்ததும் பணம் தானாக வந்து இறங்கும்.

கென்னியின் வீடு இருப்பது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஆனால் கடைத்தெருவுக்கு எட்டும் தூரம். அந்த வீடு எவ்வளவுக்கு எவ்வளவு இடிந்து கிடக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு இடைவெளி பெரிது. ஸ்மித் கட்டுரையாக எழுதியதைப் பார்க்கரும் ஸ்டோனும் ஒரே படத்தில் காட்டிவிட்டார்கள்: இடிந்த வீடு, ஒட்டினாற்போல் பளபளக்கும் மாடி. இரண்டுக்கும் நடுவில் வேலிகூட இல்லை.

ஹோல் ஃபுட்ஸைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. 1980-இல் டெக்சாஸின் ஆஸ்டினில் தொடங்கிய கடை அது. முழுச் சம்பளத்தையும் பிடுங்கிக்கொள்ளும் கடை என்று அமெரிக்கர்கள் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கடை அருகே உள்ள வீடுகளின் விலை மற்ற வீடுகளைவிட வேகமாக ஏறுகிறது என்று ஜில்லோ என்ற வீட்டுவிலை நிறுவனம் 2016-இல் கணக்குப் போட்டுக் காட்டியது. நொடித்துப்போன டெட்ராய்டில் 2013-இல் கடை திறந்தபோது அது ஊர் மீண்டுவிட்டதன் அடையாளமாகப் பேசப்பட்டது. சிகாகோவின் ஏழைக் கறுப்பினப் பகுதியான எங்கில்வுட்டில் 2016-இல் திறந்தார்கள், 2022-இல் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். கடை வருவதையே ஊரின் கௌரவமாகக் கருதி மேயர்கள் கைகட்டி நிற்பது கார்ட்டூனில் மட்டும் நடந்ததில்லை.

சறுக்கிய இடங்கள்

இந்த எபிசோட் தனியாக நிற்கவில்லை. சீசன் 19 முழுவதும் ஒரே கதையாக ஓடியது. நவம்பரில் வந்த இன்னொரு எபிசோடில், கைவிடப்பட்ட சோடோசோபாவில் வீடற்றவர்கள் வந்து தங்குகிறார்கள், அதனால் மறுபடி அவதிப்படுவது கென்னி வீடு. இதுவரை சரி. மவுசு வந்துபோன பேட்டைக்குப் பிறகு என்ன ஆகும் என்று கேட்ட நகைச்சுவைத் தொடர் வேறெதுவும் எனக்கு நினைவில்லை.

ஆனால் சீசன் முடிவை நெருங்க நெருங்கக் கதை வேறெங்கோ போகிறது. 'அரசியல் சரித்தன்மை', அதாவது யாரையும் புண்படுத்தாத சொற்களையே பேச வேண்டும் என்ற கட்டுப்பாடு, மொழிக்குச் செய்யும் மேட்டுக்குடியாக்கம்தான் என்று ஒரு பாத்திரம் பேசுகிறது. விளம்பரங்களே மனித உருவெடுத்து உலகைக் கைப்பற்றப் பார்ப்பதாகவும், எல்லாவற்றுக்கும் பின்னால் அவையே இருப்பதாகவும் கதை முடிகிறது. கேட்கச் சாமர்த்தியமாக இருக்கிறது. ஆனால் வாடகை உயர்ந்து ஒருவன் வீட்டைக் காலி செய்வதும், ஒருவன் வாய்க்கு வந்ததைப் பேச முடியாமல் போவதும் ஒன்றா? முதலாவதில் ஒரு குடும்பம் சட்டி பானையோடு தெருவில் நிற்கிறது. இரண்டாவதில் ஒருவருக்குக் கோபம் வருகிறது. இரண்டையும் ஒரே கோணியில் கட்டியதும் கென்னி வீடு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. வீட்டுச் சொந்தக்காரர், நகராட்சியின் நிலப் பயன்பாட்டு விதி, சொத்து வரி எல்லாம் கதையை விட்டு வெளியேறி, பழி பேசும் விளம்பரங்களின் தலையில் விழுகிறது. வேற்றுகிரக வில்லன் வந்துவிட்டால் உள்ளூர் ஆசாமிக்கு நிம்மதிதான்.

இன்னொரு ஓட்டை, இனம். அமெரிக்க நகரங்களில் இப்படித் துரத்தப்பட்டவர்களில் பெரும்பங்கு கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும். சவுத் பார்க்கில் அந்த இடத்தில் ஓர் ஏழை வெள்ளைக் குடும்பம் இருக்கிறது. கென்னி பல ஆண்டுகளாக இருக்கும் பாத்திரம் என்பதால் அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் போட்டியில் தோற்கும் சிறு வியாபாரியான லூ கிம்மைக் காட்டும்போது பழைய உச்சரிப்புக் கேலிதான் மறுபடி ஓடுகிறது. 'சிட்டி' என்ற சொல் அவர் வாயில் கெட்ட வார்த்தையாக ஒலிக்கும் என்பதே அவர் தெருவுக்கு வைத்த பெயரின் மொத்த நகைச்சுவையும். விளம்பரக்காரன் குரலை அவ்வளவு நுட்பமாகக் கேட்ட காது, இவர் குரலைக் கேட்கவே இல்லை.

அந்தப் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதைகள் வேறு இருக்கின்றன. அதே 2015 ஜனவரியில், நகைச்சுவை நடிகர் கெவின் ஹார்ட் தொகுத்து வழங்கிய 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒரு குறுநாடகம் வந்தது. புரூக்ளினின் புஷ்விக் தெருமுனையில் மூன்று கறுப்பின நண்பர்கள் அடாவடியாகப் பேசிக்கொண்டு நிற்பார்கள். வாய் அதே வாய்தான், ஆனால் பேச்சு கைப்பக்குவ மயோனைஸ் பக்கம் போய்விட்டது. தெரு மாறியதில் அவர்களும் மாறிவிட்டார்கள் என்பதே வேடிக்கை. 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஜென்டிஃபைட்' லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸில் ஒரு மெக்சிகோத் தாத்தாவின் டாக்கோ கடையைச் சுற்றி நடந்தது. ஸ்பானிஷ் மொழியில் 'ஹென்டே' என்றால் மக்கள். படித்துச் சம்பாதித்த சொந்த இனத்தாரே திரும்பி வந்து பேட்டையை மாற்றுவதற்கு அங்கே ஒரு மதுக்கூட உரிமையாளர் உருவாக்கிய சொல்லிலிருந்து தொடரின் பெயர் வந்தது. தாத்தாவின் கடையைக் காப்பாற்றப் பேரன் மெனுவை நாகரிகமாக்குகிறான், அதனாலேயே பழைய வாடிக்கையாளருக்கு அந்நியமாகிறான். இதில் வில்லன் வெளியே இல்லை, சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறான். சவுத் பார்க்குக்கு எட்டாத சிக்கல் அது. இரண்டு சீசன்களோடு நெட்ஃபிளிக்ஸ் அதை நிறுத்திவிட்டது.

தானியக் கடையும் காபிக் கடையும்

சோடோசோபா ஒளிபரப்பானதற்கு நான்கு நாள் முன்பு, 2015 செப்டம்பர் 26 அன்று, கிழக்கு லண்டனில் ஓர் ஊர்வலம் நடந்தது. பிரிக் லேனில் அப்போது 'சீரியல் கில்லர் கஃபே' என்று ஒரு கடை இருந்தது. காலை உணவுக்குப் பாலில் போட்டுச் சாப்பிடும் தானியச் செதில்களைக் கிண்ணம் கிண்ணமாக விற்பதுதான் மொத்த வியாபாரமும். வறுமை மிகுந்த டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில் அந்த விலைக்கா என்று திறந்த நாளிலிருந்தே கேள்வி இருந்தது. மேட்டுக்குடியாக்கத்தை எதிர்த்து வந்த கூட்டம் கடைமேல் பெயின்ட் அடித்தது, உள்ளே வாடிக்கையாளர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த வட்டாரத்தை அதற்குப் பத்தாண்டு முன்பே தொலைக்காட்சி கிண்டல் செய்திருந்தது. சேனல் 4-இல் 2005-இல் ஆறு எபிசோடுகளாக வந்த 'நேதன் பார்லி'. சார்லி புரூக்கரும் கிறிஸ் மாரிஸும் எழுதியது. ஷோர்டிச், ஹாக்ஸ்டன் பக்கத்து ஊடக இளைஞர்களின் அசட்டுத்தனத்தை அது உரித்துக் காட்டியது. அசடுகளின் எழுச்சி என்று கட்டுரை எழுதும் பத்திரிகையாளனை, அந்த அசடுகளே தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். திட்டுகிற கட்டுரை தங்களைப் பற்றியது என்பதே அவர்களுக்கு உறைக்காது. அருமையான தொடர். ஆனால் அதில் கென்னி வீடு கிடையாது. அந்தத் தெருக்களில் முன்பே வாழ்ந்தவர்கள் கதைக்குள் வரவே இல்லை. வாங்க வந்தவனைப் பார்த்து மட்டும் சிரிக்கும் நகைச்சுவையில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு: அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவான். தானியக் கடைக்குப் பெயின்ட் கிடைத்தது. அந்தக் கட்டடத்தின் வாடகையை நிர்ணயித்தவர் யார் என்று யாரும் பேசவில்லை.

சிரிப்பைக் கடனாக வாங்கி விளம்பரமாக்குவதும் நடந்தது. டென்வரில், சோடோசோபாவின் சொந்த மாநிலத்திலேயே. ரைனோ கலை வட்டாரம் எழுந்த இடத்தில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பழைய கறுப்பினப் பேட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் ஜாஸ் இசைக்குப் பேர்போன இடம், 'மேற்கின் ஹார்லெம்' என்பார்கள். அங்கே 'இங்க்! காபி' என்ற கடை 2017 நவம்பரில் நடைபாதையில் ஒரு பலகை வைத்தது. '2014 முதல் இந்தப் பேட்டையை மகிழ்ச்சியோடு மேட்டுக்குடியாக்கி வருகிறோம்' என்பது அதன் பொருள். மறுபக்கம், கோர்ட்டாடோ காபி கேட்டு வாங்க முடிவதைவிடப் பெரிய மேட்டுக்குடியாக்கம் உண்டா என்று இன்னொரு வாசகம். விளம்பர நிறுவனத்துக்கு அது சுயகேலியாகத் தோன்றியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஜன்னல் உடைந்தது, கடை வாசலில் போராட்டம் நடந்தது, கடையும் விளம்பர நிறுவனமும் மன்னிப்புக் கேட்டன. இரண்டு ஆண்டுக்கு முன் கார்ட்டூனில் சொன்னது போலவே இருந்தது வாசகம். என்ன, கார்ட்டூனில் பின்னணியில் கென்னி வீடு தெரியும். பலகையில் அதற்கு இடமில்லை.

பார்க்கரும் ஸ்டோனும்கூட டென்வர் ஓரத்தில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். லேக்வுட்டில் 1974 முதல் இருந்த காசா பொனீட்டா என்ற இளஞ்சிவப்பு நிற மெக்சிகன் உணவகம். உள்ளே அருவி, மேலிருந்து குதிக்கும் ஆட்கள், சாப்பாடு மட்டும் வாயில் வைக்க முடியாது. 2003-இல் அதை வைத்து ஒரு எபிசோடே எடுத்தார்கள். கடை நொடித்ததும் 2021-இல் 31 லட்சம் டாலருக்கு வாங்கி, 4 கோடி டாலருக்கு மேல் கொட்டிச் சீர்செய்து 2023-இல் திறந்தார்கள். இதை மேட்டுக்குடியாக்கம் என்று சொன்னால் அநியாயம். யாரையும் துரத்தவில்லை, இடிக்கப்பட வேண்டியதைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் பழைய இடத்தின் 'அழகை' விலைக்கு வாங்கிப் பளபளப்பாக்குவது என்றதும் எனக்கு அந்த விளம்பரக் குரல் காதில் ஒலிப்பதைத் தவிர்க்க முடியவில்லை.

புத்தகக் கடையின் பலகை

கடைசியாக, நகைச்சுவைத் தொடரே குற்றவாளிக் கூண்டில் நின்ற ஒரு வழக்கு. ஃப்ரெட் ஆர்மிசனும் கேரி பிரவுன்ஸ்டீனும் நடித்து 2011 ஜனவரியில் ஐஎஃப்சி தொலைக்காட்சியில் தொடங்கியது 'போர்ட்லாண்டியா'. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரத்தை, அதன் சைக்கிள்காரர்களை, ஊறுகாய் போடும் இளைஞர்களை, தட்டில் இருக்கும் கோழி எந்தப் பண்ணையில் எப்படி வளர்ந்தது என்று விசாரித்துவிட்டே சாப்பிடும் ஜோடியை அது கேலி செய்தது. செல்லமான கேலி. கடித்தாலும் பல் படாது. பார்த்தவர்களில் பலருக்கு அந்த ஊருக்குப் போக ஆசை வந்தது.

தொடரில் அடிக்கடி வரும் பெண்ணியப் புத்தகக் கடைக் காட்சிகளை 'இன் அதர் வேர்ட்ஸ்' என்ற நிஜக் கடையில் எடுத்தார்கள். 1993 முதல் தன்னார்வலர்கள் நடத்திய கடை. 2016-இல் அந்தக் கடை தொடரோடு உறவை முறித்துக்கொண்டது. ஜன்னலில் தொடரை வசை பாடும் பலகை ஒன்று ஏறியது. கூடவே நீண்ட விளக்கமும் எழுதினார்கள். படப்பிடிப்புக் குழு கடையை அலங்கோலமாக விட்டுப் போனது, ஆர்மிசன் பெண் வேடத்தில் செய்யும் கேலி திருநங்கைகளைப் புண்படுத்துகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தொடர் போர்ட்லாந்தின் மவுசை ஏற்றிவிட்டது, அந்த மவுசு கறுப்பின மக்களை அவர்கள் பேட்டைகளிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருக்கிறது.

கடைசிக் குற்றச்சாட்டை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. போர்ட்லாந்தின் ஆல்பினா பகுதியிலிருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளை, விளையாட்டரங்கத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் மருத்துவமனை விரிவாக்கத்துக்கும் என்று நகரமே இடித்த கதை தொடருக்கு அரை நூற்றாண்டு மூத்தது. ஒரு நகைச்சுவைத் தொடருக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் கடைக்காரர்கள் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. தொடர் அந்த ஊரைக் கிண்டல் செய்த விதத்தில் அது ஒரு சுற்றுலா விளம்பரமாகவும் ஓடியது. சோடோசோபாவைப் பார்த்துவிட்டு அங்கே குடியேற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அந்த விளம்பரத்தில் கென்னி வீடு குறுக்கே நிற்கிறது. போர்ட்லாண்டியாவில் குறுக்கே எதுவும் நிற்கவில்லை.

தொடர் 2018 மார்ச்சில் எட்டாவது சீசனோடு முடிந்தது. புத்தகக் கடை அதே ஆண்டு ஜூனில் மூடியது.